மாப்பிள்ளையின் மூக்கு

நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று ஐம்பது. இஸ்திரிக்காரர் பேக்கரிக்கார அம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அவ்வளவு. அசலும் வட்டியும் சேர்த்து அந்த அம்மா விரல் விட்டு எண்ணி, வாயால் சொன்ன கணக்கு அது. எழுதி வைக்கிற வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. "எழுதி வெச்சா ரெண்டு பேரும் நிம்மதியா மறந்துடுவோம். எழுதாம இருந்தாதான் ரெண்டு பேருக்கும் தூக்கம் வராது" என்பார்.

கடன் வாங்கியது நீராவி மெஷினுக்காக. அதற்கு முன்னால் இஸ்திரிக்காரர் கையில் இருந்தது கனத்த இரும்புப் பெட்டி. வருஷக்கணக்காக அதை இழுத்து இழுத்து அவருடைய வலது தோள்பட்டை கீல் கழன்ற கதவு மாதிரி ஆகிவிட்டது. சட்டை மாட்டுவதற்குக்கூட மனைவி கை கொடுக்க வேண்டியிருந்தது. மெஷின் வந்த பிறகு தோளும் கொஞ்சம் அடங்கியது, பெரிய ஓட்டல் ஒன்றின் வேலையும் கிடைத்தது. பரிமாறுகிறவர்கள் போடும் கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கறுப்பு ஏப்ரன், தினமும் இரண்டு மூட்டை. கறுப்புத் துணிமேல் காய்ந்த பெட்டியை வைத்துத் தேய்த்தால் துணி பளபளவென்று மின்ன ஆரம்பிக்கும். மின்னினால் துணி கெட்டுப்போனது என்று அர்த்தம். அதனால் நீராவி இருந்தால்தான் வேலை என்று ஓட்டல் மேனேஜர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். மெஷின் போனால் ஓட்டல் போகும். ஓட்டல் போனால் வீட்டு வாடகைக்குத் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் பேக்கரிக்கார அம்மா ஒரு கூண்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். மகளுக்குப் பிரசவம். தூரத்து ஊர். ஒரு மாதமாவது ஆகும்.

"மாப்பிள்ளையை உன்கிட்ட விட்டுட்டுப் போறேன்ப்பா" என்றார்.

மாப்பிள்ளை என்பது கூண்டுக்குள் இருந்த பறவை. வெள்ளை வெளேரென்று, கோழி அளவுக்கு இருக்கும் கொண்டைக்கிளி. காக்கட்டூ என்று சொல்வார்களே, அது. கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் தலையிலிருக்கிற கொண்டை விசிறி மாதிரி விரிந்துகொள்ளும். அந்தப் பவிசைப் பார்த்துத்தான் அந்தப் பெயர். "எம் பொண்ணைக் கட்டினவன் எங்கிட்ட வாயைத் திறக்க மாட்டான். இவனாவது கத்துறானே" என்று அந்த அம்மா எல்லாரிடமும் சொல்வார். அம்மாவிடம் இன்னும் ஒரு ஜோடிச் சின்னக் கிளிகள் இருந்தன. அவற்றைத் தங்கை வீட்டில் விட்டாகிவிட்டது. இவனை அப்படி விட முடியாது. யார் கையை நீட்டினாலும் விரலைப் பதம் பார்த்துவிடுவான். இஸ்திரிக்காரர் பேக்கரிக்கு ஏப்ரன் கொடுக்கப் போகும்போது மட்டும் கம்பியோரம் வந்து, சொறிந்துவிடு என்று தலையைக் குனிந்து காட்டுவான்.

"நல்லபடியாப் பாத்துக்க. நான் திரும்பி வந்து இவனை முழுசா வாங்கிக்கிட்டேன்னா, அந்த நாற்பத்தாறாயிரத்து முந்நூத்தி அம்பதையும் விட்டுடறேன். ஒரு பைசா வேணாம்."

இஸ்திரிக்காரரின் மனைவி, கடையையும் வீட்டையும் பிரிக்கிற திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் அம்மா. "இவன் மேல தண்ணி படக்கூடாது. முன்னாடி ஒருத்தன் இருந்தான், இவனை மாதிரியே. ஒரு நாள் மழையில நல்லா நனைஞ்சான். அப்புறம் மூக்கு மை மாதிரி கறுத்து மின்ன ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் ஒவ்வொரு இறகாக் கொட்டி, கடைசியில உரிச்ச கோழி மாதிரி என் மடியிலதான் செத்தான். பறவை பாக்குற டாக்டரம்மா அது வேற வியாதின்னு சொன்னாங்க. எனக்குத் தெரியும், தண்ணிதான். தண்ணி பட்டுதுன்னு தெரிஞ்சா, மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவேன். சொன்னா செய்வேன், தெரியுமில்ல?"

தெரியும். அந்தத் தெருவுக்கே தெரியும்.

இப்படியாக மாப்பிள்ளை கடைக்கு வந்து சேர்ந்தான். சாப்பாட்டுக்குக் குறையில்லை, சத்தத்துக்கும் குறையில்லை. தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. அவன் உடம்பை உதறினால் மாவு கொட்டியது. சல்லடையில் சலித்த மாதிரி மெல்லிய வெள்ளைத் தூள். மேஜைமேல், மெஷின்மேல், காபி டம்ளருக்குள், எல்லா இடத்திலும். முக்கியமாக, தேய்த்து அடுக்கிய கறுப்புத் துணிமேல்.

"பேக்கரியில இருந்து வந்தவன் மாவு மூட்டையோடவே வந்துட்டான்" என்று சிரித்தான் மச்சான். இஸ்திரிக்காரர் மனைவியின் தம்பி அவன். வண்டியில் மூட்டை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது அவன் வேலை. கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. "இந்த வீட்ல மாப்பிள்ளை ஆக வேண்டியவன் நான் ஒருத்தன் நிக்கிறேன். பட்டத்தைத் தூக்கிப் பறவைக்குக் குடுத்திருக்காங்க."

சிரிப்பு இரண்டு நாள்தான் தாங்கியது. போன மூட்டை அப்படியே திரும்பி வந்தது. மேனேஜர் சொல்லியனுப்பியதை மச்சான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "ஓட்டல்காரங்களா, சுண்ணாம்பு அடிக்கிறவங்களான்னு கஸ்டமர் கேக்குறாங்களாம் மாமா. இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் பாத்துக்குவாராம்."

இஸ்திரிக்காரர் கூண்டை மூலைக்கு மாற்றினார். துணியைப் போர்வையால் மூடினார். ஜன்னலைத் திறந்தார், காற்று வந்து தூளை இன்னும் நன்றாகப் பரப்பியது. ஜன்னலை மூடினார். கூண்டைத் துணி போட்டு மூடினால் மாப்பிள்ளை காது கிழியக் கத்தினான். பக்கத்துக் கடைக்காரர் வந்து யாரை அடிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

தேய்க்கிறவர்கள் கையில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும். விசையை அழுத்தினால் தண்ணீர் பனி மாதிரி விழும். சுருங்கிய இடத்தில் அடித்துத்தான் பெட்டியை வைப்பார்கள். ஒரு மத்தியானம் இஸ்திரிக்காரர் ஒரு சட்டைக் கழுத்துக்கு அடித்த தண்ணீர் கொஞ்சம் தவறிக் கூண்டுப் பக்கம் போனது. அவருக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? இரண்டு இறக்கையையும் அகல விரித்தான். தலைகீழாகத் தொங்கினான். கொண்டையை விரித்து, இன்னும் போடு, இன்னும் போடு என்கிற மாதிரி ஆடினான்.

"ஏங்க, அவனுக்குப் பிடிச்சிருக்குங்க" என்றாள் மனைவி.

"அந்த அம்மா சொன்னது ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் இருக்கு. மேனேஜர் சொன்னதும் ஞாபகம் இருக்கு. தண்ணி பட்டா தூள் பறக்காதில்ல?"

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஒரு தடவை, யாரும் இல்லாத நேரத்தில். அன்றைக்குத் தூள் பறக்கவில்லை. அப்புறம் தினமும். அப்புறம் காலையும் மாலையும். அடித்துவிட்டு, சட்டைக் காலர் துடைக்கிற மெத்துத்துணியால் மனைவி அவன் முதுகையும் தொடையையும் துடைத்துவிடுவாள். மூக்கையும்தான். அவனும் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவான். ஓட்டல் மூட்டைகள் கரேலென்று சுத்தமாகப் போயின. மேனேஜர் வாயை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை வந்தபோது அவன் மூக்கு சாம்பல் நிறம். அணைந்த அடுப்புக் கல் மாதிரி மங்கலாக இருக்கும். துடைக்கத் துடைக்க அந்தச் சாம்பல் போனது. உள்ளேயிருந்து கறுப்பு வந்தது. மை போட்டுத் தேய்த்த ஷூ மாதிரி மின்னியது.

"இத்தனை நாள் அழுக்கோட வெச்சிருந்திருக்காங்க பாருங்க. வசதியானவங்க வீடுன்னுதான் பேரு" என்றாள் மனைவி. கறுப்பு மின்னினால் கெட்டது என்று வருஷக்கணக்காகத் துணியில் பார்த்தவர் இஸ்திரிக்காரர். அவருக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மச்சான்தான் வினையை இழுத்துவிட்டான். நல்ல எண்ணத்தில்தான். மாப்பிள்ளையைப் போட்டோ எடுத்து, எப்படி ஜொலிக்கிறான் பாருங்கள் என்று அந்த அம்மாவுக்கு அனுப்பிவிட்டான். அனுப்பிய கை கீழே இறங்குவதற்குள் போன் அடித்தது.

"மூக்குக்கு என்ன ஆச்சு?"

இஸ்திரிக்காரர் போனை வாங்கினார். "ஒண்ணும் ஆகலைம்மா. நல்லாத்தான் இருக்கான். நல்லாச் சாப்பிடுறான்."

"மூக்குக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன். அவனுக்கும் இப்படித்தான் ஆச்சு. இப்படியேதான். தண்ணி பட்டுதா?"

அவர் திரும்பிப் பார்த்தார். மெஷின் பக்கத்தில் நின்று புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இல்லம்மா."

"உடனே டாக்டரம்மாகிட்ட தூக்கிட்டுப் போ. இப்பவே."

டாக்டரிடம் போவதென்றால் பறவை பார்க்க நன்றாக இருக்க வேண்டாமா? மச்சான் வண்டி துடைக்கப் போன நேரத்தில் மனைவி மாப்பிள்ளையை இன்னொரு தடவை நன்றாக நனைத்து, அழுந்தத் துடைத்து, வெயிலில் காட்டி உலர்த்தி அனுப்பினாள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிற மாதிரி. அந்தப் பதற்றத்தில் அது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டரம்மா வேகமான ஆள். ஒரு துண்டை எடுத்து மாப்பிள்ளையைச் சுருட்டினார். கடிக்க வந்தவனை, "உன் வேலையை நீ பாரு, என் வேலையை நான் பாக்குறேன்" என்று அதட்டினார். கண், காது, நகம் பார்த்தார். மூக்கை விரலால் தேய்த்தார். தொடைப் பக்கத்து இறகைப் பிரித்து, அடியிலிருந்த பஞ்சை இரண்டு விரலால் நசுக்கினார். விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"தூளே இல்லையே" என்றார்.

"தூளா?"

"இந்த ஜாதிக்கு இறகுக்கு அடியில ஒரு பஞ்சு இருக்கும். அது உதிர்ந்து உதிர்ந்து மாவா வரும். அந்த மாவு படிஞ்சிருந்தாத்தான் மூக்கு சாம்பலா இருக்கும். அதுதான் நல்ல உடம்புக்கு அடையாளம். மாவு நின்னுடுச்சுன்னா மூக்கு கறுத்து மின்னும். மாவு நிக்கிறதுக்கு ஒரு கெட்ட வியாதி இருக்கு. அதுக்கு மருந்து கிடையாது." நிமிர்ந்து பார்த்தார். "இல்லேன்னா சும்மா குளிப்பாட்டிக்கிட்டே இருந்தாலும் இப்படி ஆகலாம். தண்ணி ஏதாவது அடிக்கிறீங்களா?"

அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் டாக்டரம்மாவின் மேஜைமேல் போன் இருந்தது. அந்தப் போனுக்குள் பேக்கரிக்கார அம்மா இருந்தார்.

"இல்லங்க. தண்ணியே காட்டுறதில்ல."

மச்சான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். இஸ்திரிக்காரர் அவன் காலை மிதித்தார்.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினால்தான் உறுதியாகத் தெரியும், முடிவு வர நாளாகும் என்றார். அதுவரை மற்றப் பறவை எதன் பக்கத்திலும் வைக்கக் கூடாது, பரவும் என்றார். ஊசியை எடுப்பதற்கு முன்னால், பறவைக்குச் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வெளியே வரும்போது அவர் ஊசி எடுக்கவில்லை. "வேணாம்னுட்டாங்க. நீங்க பறவையைக் கொண்டுபோங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து கூண்டை இறக்கி வைப்பதற்குள் அந்த அம்மா கூப்பிட்டார். இந்தத் தடவை குரலில் அதட்டல் இல்லை. அழுது முடித்த குரல்.

"டாக்டரம்மா சொன்னாங்கப்பா. அது ரொம்ப நாளா உள்ளயே இருந்திருக்குமாம். ஒரு மாசத்துல வர்றதில்லையாம். உன் மேல தப்பு இல்ல. நான்தான் உன்னை மிரட்டிட்டேன், மனசுல வெச்சுக்காத."

"அம்மா..."

"கேளு. ரத்தம் எடுக்கிறது, காத்திருக்கிறது எதுவும் வேணாம்னு சொல்லிட்டேன். முன்னாடி ஒருத்தனை அப்படி வெச்சுக்கிட்டு உக்காந்தேன். தினம் கொஞ்சம் கொஞ்சமா. இன்னொரு தடவை என்னால முடியாது. சின்னதுங்க ரெண்டு இருக்கு, வீட்டுக்கு வந்தா அதுங்களுக்கும் ஒட்டிக்கும். ஞாயித்துக்கிழமை காலையில வரேன். டாக்டரம்மா ஊசியோட அங்கயே வந்துடுவாங்க. என் கையில வெச்சிருக்கிறப்பவே போகட்டும். உன் கடனையும் விட்டுட்டேன். நீ நல்லாத்தான் பாத்துக்கிட்டே."

போன் நின்றுவிட்டது. இஸ்திரிக்காரர் அதைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"கடனை விட்டுட்டாங்க."

அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. அடுத்ததைச் சொன்னதும் அப்படியே நின்றுபோனது. கூண்டுக்குள் மாப்பிள்ளை, தண்ணீர் நேரம் ஆகிவிட்டதே என்று இறக்கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து பாட்டிலை அவன் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள். தூள் நின்றது வியாதியாலா, தண்ணீராலா? தண்ணீரால் என்றால், தண்ணீரை நிறுத்தினால் தூள் திரும்ப வரவேண்டும். வந்துவிட்டால் மூக்கு மறுபடி சாம்பலாகும். அந்த அம்மா வந்து பார்த்து, குணமாகிவிட்டான் என்று சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பொய் பொய்யாகவே இருந்துவிட்டுப் போகும், பறவையும் பிழைத்துவிடும், மெஷினும் தங்கும். இஸ்திரிக்காரர் மனதுக்குள் போட்ட கணக்கு அது.

மனைவியும் அதே கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும். மறுநாள் காலையில் ஓட்டல் மூட்டையிலிருந்து ஒரு கறுப்பு ஏப்ரனை உருவி, கூண்டுக்கு அடியில் விரித்தாள். எந்தத் தூளுக்குப் பயந்து ஓடினார்களோ அந்தத் தூளைத் தேடி இரண்டு பேரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். முதல் நாள் ஏப்ரன் கரேலென்று கிடந்தது. அடுத்த நாள் ஓரத்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. மனைவி விரலால் தொட்டாள். விதைத் தோல்.

"மாமா, ஒரு யோசனை" என்றான் மச்சான். "முகத்துக்குப் போடற பவுடர் இருக்கில்ல, கொஞ்சம் மூக்குல தடவிட்டா? சாம்பலாயிடும். யாருக்குத் தெரியும்?"

"டேய், அந்த அம்மா மாவுலயே பொறந்து வளந்தது. பவுடர் வாசனை தெரியாதா? உன் மூஞ்சியில நீ தடவறதே தெருமுனையில தெரியுது" என்றாள் அக்கா. அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை தண்ணீருக்காகக் கத்திக் களைத்து, ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டான். இறகைச் சிலிர்த்துவிட்டு, ஒற்றைக் காலில் நின்றான். பார்க்கச் சீக்காளி மாதிரியே இருந்தான். இஸ்திரிக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே வியாதிதானோ? அப்படியிருந்தால் வாயைத் திறக்கவே வேண்டாமே. அந்த நினைப்பில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை அவர் உள்ளுக்குள் தொட்டுப் பார்த்தார், சூடான பெட்டியைத் தொட்டவர் மாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாப்பிடும்போது சொன்னார். "நான் சொல்லிடப் போறேன்."

"என்னத்தை?"

"தண்ணி அடிச்சதை."

மனைவி தட்டைத் தள்ளி வைத்தாள். "உங்க தோளுக்குத் தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை ரேகை அழிஞ்சு போச்சு. ஒரு பறவைக்காக மறுபடியும் அந்த இரும்பைத் தூக்கப் போறீங்களா? நாளைக்கு ஓட்டல்காரன் போயிட்டா அந்த அம்மா வந்து சோறு போடுமா?"

"நீதானே தினம் துணி விரிக்கிறே?"

"விரிக்கிறேன். அவன் பிழைக்கணும்னுதான் விரிக்கிறேன். நீங்க வாயை மூடிக்கிட்டே அவன் பிழைக்கணும்னு."

அவருக்கும் வேண்டியது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏப்ரனைப் பார்த்தார்கள். இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மெல்லிய ஒரு மங்கல், கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி. மூக்கின் அடிப்பக்கமும் லேசாக மங்கியிருந்தது. மேலே கறுப்பு கறுப்பாகவே மின்னிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் என்று மனைவி முணுமுணுத்தாள். அதற்குள் பேக்கரி வேன் வாசலில் வந்து நின்றது.

அம்மா பயணப் புடவையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். கூண்டைத் திறந்ததும் மாப்பிள்ளை அவர் கையில் ஏறி, கழுத்தோரம் தலையைப் புதைத்துக்கொண்டான். அவர் மூக்கைத் தடவிப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்து அவனை மடியில் வைத்துக்கொண்டார். மச்சான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், வாங்கிப் பக்கத்தில் வைத்தார், குடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா பையோடு வந்தார். பையைத் தேய்க்கிற மேஜைமேல் வைத்துத் திறந்தார். ஒரு சின்னப் புட்டி, ஒரு ஊசி.

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்றார்.

மனைவி இஸ்திரிக்காரரைப் பார்த்தாள். வேண்டாம் என்றா, சொல் என்றா, அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவருக்குப் புரியவில்லை. அவர் கை தானாக மேஜைக்கு அடியில் போனது. ஒளித்து வைத்த பாட்டிலை எடுத்து ஊசிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அம்மா, நிறுத்துங்க. தண்ணி அடிச்சோம்."

அம்மா நிமிர்ந்தார்.

"தினமும் அடிச்சோம். காலையும் சாயங்காலமும். தூள் துணியில விழுதுன்னு நாங்கதான் அடிச்சு, துடைச்சு விட்டோம். மூக்கையும் துடைச்சோம். டாக்டரம்மா கேட்டப்ப இல்லைன்னு பொய் சொன்னேன். உங்ககிட்டயும் பொய்தான் சொன்னேன்."

டாக்டரம்மா பாட்டிலை எடுத்துப் பார்த்தார்.

"என்கிட்ட கொண்டு வந்த அன்னிக்கும் குளிப்பாட்டினீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"குளிப்பாட்டித்தான் அனுப்பினேங்க" என்றாள் மனைவி. "அழகா இருக்கட்டும்னு."

டாக்டரம்மா ஊசியைத் தள்ளி வைத்தார். திட்ட வாயெடுத்தார், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டு மாப்பிள்ளையைத் திருப்பித் தொடை இறகைப் பிரித்தார். அடிப்பஞ்சை நசுக்கினார். விரலை வெளிச்சத்தில் பிடித்தார். திருப்தியில்லாமல் இன்னொரு பக்கமும் நசுக்கினார். பிறகு அந்த இரண்டு விரலையும் ஓட்டல் ஏப்ரன் ஒன்றின்மேல் அழுத்தி எடுத்தார். கறுப்பில் இரண்டு வெள்ளை ரேகை பளிச்சென்று விழுந்தது.

"வந்துக்கிட்டிருக்கு" என்றார். "வியாதின்னா இது வராது. அடுத்த வாரம் ரத்தமும் பாத்துடலாம், உங்க மனசுக்காக. ஆனா இன்னிக்கு இந்த ஊசிக்கு வேலை இல்ல." பையை மூடினார். இஸ்திரிக்காரரைப் பார்த்து, "கொன்னுருப்போம். தெரியுதா?" என்றார்.

அவர் தலையை ஆட்டினார்.

அம்மா ரொம்ப நேரம் மாப்பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மூக்கைச் சிந்தினார். பேசத் தொடங்கியபோது பழைய குரல் திரும்ப வந்துவிட்டிருந்தது.

"நான் போறப்ப என்ன சொன்னேன்?"

"தண்ணி படக்கூடாதுன்னு சொன்னீங்க."

"பட்டா?"

"மெஷினைத் தூக்கிட்டுப் போவேன்னு சொன்னீங்க."

"தூக்கிட்டுப் போறேன்."

டாக்டரம்மா குறுக்கே வந்தார். "தண்ணி கெட்டதில்லம்மா. வாரத்துல ஒண்ணு ரெண்டு தடவை அடிச்சா பறவைக்கு நல்லதுதான். முதல்ல போனவன் தண்ணியால போகல, எத்தனை தடவை சொல்றது?"

"அது வேற கணக்கு டாக்டரம்மா. அதை நான் வீட்ல போய் அழுதுக்கிறேன்." அம்மா இஸ்திரிக்காரர் பக்கம் திரும்பி விரலை மடக்க ஆரம்பித்தார். "மெஷின் பழசாயிடுச்சு. இன்னிக்குத் தேதிக்கு முப்பதாயிரத்துக்கு மேல ஒருத்தனும் எடுக்க மாட்டான். முப்பது போச்சா? மீதி பதினாறாயிரத்து முந்நூத்தி அம்பது. அது இவனுக்குச் சோறு போட்டு, இவன் கத்தலைக் கேட்டதுக்குக் கழிச்சாச்சு. பொய் சொன்னே, அதுக்கு நான் ஒண்ணும் பிடிக்கல. நெசத்தைச் சொன்னே, அதுக்கும் ஒண்ணும் குடுக்கல."

"அம்மா" என்றாள் மனைவி. பக்கத்தில் வந்து நின்றாள். "மெஷினை வெச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க? எங்களுக்கே வாடகைக்கு விடுங்க. மாசாமாசம் கட்டிடறோம்."

அம்மாவின் விரல்கள் பாதியில் நின்றன. அந்தக் கணக்கு அவருக்குப் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

"வேணாம்" என்றார் இஸ்திரிக்காரர்.

"ஏங்க!"

"வேணாம். இன்னொரு பாக்கி வேணாம். அவங்க போன் வந்தா எனக்கு வாய் தானா பொய் சொல்லுது. ஓட்டல் போகட்டும். வீட்டுத் துணி இருக்கு, நாலு தெரு இருக்கு. எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் இன்னும் பல நாள் பதில் சொல்லவேண்டியிருக்கும். பிறகு அவளே குனிந்து மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளேயிருந்த நீராவி நீளமாக ஒரு மூச்சு விட்டு அடங்கியது.

சூடு ஆறும்வரை காத்திருந்து, குழாயைச் சுற்றி, இஸ்திரிக்காரரும் மச்சானும் வேன் டிரைவரும் அதை வாசல் வரை தூக்கினார்கள். வலது தோள் ஒரு வெட்டு வெட்டியது. அவர் இடது கைக்கு மாற்றிக்கொண்டார். ரொட்டித் தட்டுகளை ஒதுக்கி அதற்கு இடம் பண்ணினார்கள். அம்மா முன்சீட்டில் மாப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் ஜன்னல் வழியாக இஸ்திரிக்காரரைப் பார்த்து இறக்கையை விரித்துக் காட்டினான்.

"எவ்வளவு தூரத்துல இருந்து அடிக்கணும்?" என்று கேட்டார் அம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"ஒரு கை நீளம் தள்ளிங்க. மூஞ்சிக்கு நேரா வேணாம். மேல இருந்து விழற மாதிரி. மூக்கைத் துடைக்காதீங்க."

"ம்."

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி உரக்கச் சொன்னார்.

"நாற்பத்தாறாயிரத்து முந்நூத்தி அம்பது. வந்து சேந்துடுச்சு. இனிமே நீ எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல."

"சரிம்மா" என்றார் இஸ்திரிக்காரர்.